இரண்டாம் பாதி காரவள்ளியில்

கடந்த ஓராண்டில் படித்த கதைகளில் பிடித்தவை எவை என்று ஒரு பத்திரிகையிலிருந்து கேட்டார்கள். ஆண்டு முடிகிற சமயத்தில் எழுதுகிறவர்களிடம் வழக்கமாகக் கேட்பதுதான். சில பெயர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி சேர்த்து அனுப்பினேன். அச்சிலும் வந்துவிட்டது. அதில் முதலாவதாகச் சொல்லியிருந்த நாவலை நானும் என் மனைவியும் எப்படிப் படித்து முடித்தோம் என்பதை மட்டும் எழுதவில்லை. இரண்டு வரிக்குள் அது அடங்காது.

என் மனைவி கால்நடை மருத்துவர். கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்தபோது நானும் கூடவே மேலே ஏறிவிட்டேன். மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். கீழே எங்களுக்குக் காத்திருப்பவர் யாருமில்லை. மலையில் சில ஊர்கள் சேர்ந்த பகுதியை நாடு என்பார்கள். வாழவந்தி நாட்டில் மிளகும் காப்பியும் போட்டிருக்கும் ஒரு விவசாயியின் வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். காலையில் அவள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். சமையலும் வீடும் என் பொறுப்பு. இங்கே எனக்குப் பெயர் 'டாக்டரம்மா ஊட்டுக்காரரு'. நாவல் எழுதுகிறேன் என்று சொன்னபோது வீட்டுச் சொந்தக்காரர், "அது ஊட்டுலயே உக்காந்து பாக்கற சோலிங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஆனால் அந்த ஆண்டு முழுக்க என்னால் உட்காரவே முடியவில்லை. எழுதிக்கொண்டிருந்த நாவல் நடுவழியில் நின்றுபோயிருந்தது. இன்றும் அது நின்ற இடத்தில்தான் நிற்கிறது. எழுத வராதபோது படிக்கலாம் என்று பார்த்தால், படிப்பும் பழைய மாதிரி இல்லை. முன்பெல்லாம் நல்ல நாவல் ஒன்று கையில் கிடைத்தால் குளிக்கக்கூட எழுந்திருக்க மாட்டேன். இப்போது நாலைந்து பக்கம் தாண்டுவதற்குள் ஒரு வரி அருமையாக வந்து விழும், உடனே எழுந்துவிடுவேன். இந்த ஆள் இதை எழுதிவிட்டான், நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று உள்ளே ஓர் அரிப்பு. மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி புத்தகத்தை எடுப்பேன். மறுபடி ஒரு வரி. மறுபடி நடை.

வீட்டுச் சொந்தக்காரர் ஒருநாள் கேட்டே விட்டார். "ஏனுங்க சார், வயித்துக்கு ஆகலீங்களா? காலையிலிருந்து நடந்துக்கிட்டே இருக்கீங்க."

"இல்லீங்க, படிச்சுக்கிட்டு இருக்கேன்."

அவர் என் கையைப் பார்த்தார். கையில் புத்தகம் இல்லை. அது உள்ளே கட்டிலில் கவிழ்ந்து கிடந்தது.

அப்போது படித்துக்கொண்டிருந்தது நூற்பாலை விடுதியில் தங்கி வேலை பார்க்கும் அக்கா தங்கை பற்றிய சிறிய நாவல். எழுதிய பெண்ணுக்கு அது முதல் புத்தகம். இரண்டு பேருக்கும் ஒரே கட்டில், ஒரே போன். அக்கா வேலைக்குப் போகும் நேரத்தில் தங்கை தூங்குவாள். ஒருவரையொருவர் பார்ப்பதே வாசலில் செருப்பு மாட்டுகிற நேரத்தில்தான். போனில் ஒருத்திக்கு ஒருத்தி பதிவு செய்து வைத்துவிட்டுப் போகும் பேச்சுகள்தான் நாவலின் பெரும்பகுதி. அந்தப் பெண்ணுக்கு ஃபோன் செய்து பாராட்ட வேண்டும் என்று எண்ணைத் தேடி எடுத்தேன். பேசவில்லை. என்ன எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் சார் என்று திருப்பிக் கேட்டுவிட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.

அடுத்தது ஒரு சிறுகதைத் தொகுப்பு. மின்கம்பங்களில் ஏறி வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் எழுதியது. எல்லாக் கதையிலும் மழை பெய்யும். அதை நான் படித்த நாளிலும் மழைதான். எடப்புளி நாட்டில் ஒரு குடியிருப்பில் மாடு கன்று ஈன முடியாமல் கிடக்கிறது என்று ஆள் வந்து கூப்பிட, மனைவி மதியச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டுப் போயிருந்தாள். அங்கே சிக்னல் கிடைக்காது. மண் பாதை வேறு. நான் வாசற்படியில் நின்றபடி ஒரு கதை படிப்பேன், காதைத் தீட்டிக்கொண்டு ஸ்கூட்டர் சத்தம் வருகிறதா என்று கேட்பேன், இன்னொரு கதை படிப்பேன். ஒரு கதையில் கம்பத்தின் உச்சியில் ஒருவன் இருக்கிறான். கீழே அவன் செல்போன் சட்டைப் பையோடு சைக்கிளில் தொங்குகிறது. அது விடாமல் அடிக்கிறது. அந்தக் கதையை முடிக்க முடியாமல் மூடி வைத்துவிட்டேன். இருட்டத் தொடங்கும் நேரத்தில் அவள் வந்தாள். முழங்கை வரை சேறும் ரத்தமும்.

"கன்னு பொழச்சுக்கிச்சு. தாயும் எந்திரிச்சு நின்னுடுச்சுங்க" என்றாள். சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தேன். குளித்துவிட்டு வந்து சாப்பிடும்போது, முகமே சரியில்லையே, என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டாள். கதையைச் சொன்னேன், கீழே போன் அடித்துக்கொண்டிருக்கிற இடம் வரை.

"அப்புறம்?"

"தெரியல. அதுக்கு மேல படிக்கல."

"அதெப்படிங்க பாதியில விடுவீங்க?" என்று கையைக் கழுவிவிட்டு வந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டாள்.

எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் கதைப் புத்தகம் எடுத்து நான் பார்த்ததில்லை. என்னுடைய நாவல்களைக்கூட அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைப்பாள். படித்ததெல்லாம் பரீட்சைக்கும் மாட்டுக்கும்தான் என்பாள். அன்றைக்கு அந்தத் தொகுப்பை முடித்துவிட்டுத்தான் படுத்தாள். மறுநாள் காலையில் ஸ்கூட்டரைக் கிளப்பியபடி, "வேற என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

அதிலிருந்து வீட்டில் இரண்டு வாசகர்கள். அவள் வேகமாகப் படிப்பாள். எந்த வரியும் அவளை எழுப்பி நடக்க வைப்பதில்லை. பிடிக்காத பாத்திரத்தை, "இவன் ஒரு வெட்டி" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவாள். நான் நடந்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் நான் வைத்த புத்தகம் அவள் கையில் இருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெரிய நாவல் வந்தது. லாரி ஓட்டும் ஒருவனையும் அவன் மனைவியையும் பற்றியது. எழுதியவர் என்னைவிட இளையவர். பழக்கமில்லை, எண் மட்டும் என்னிடம் இருந்தது. நான் தொடங்கினேன். சோறு வடிக்கப் போன நேரத்தில் அவள் தொடங்கினாள். என் இடத்துக்கு பஸ் டிக்கெட், அவள் இடத்துக்குத் தடுப்பூசி மருந்தின் அட்டை என்று ஒரே புத்தகத்தில் இரண்டு அடையாளங்கள். சில நாளில் மருந்து அட்டை டிக்கெட்டைத் தாண்டிப் போய்விட்டது. நான் கேட்கும்போதெல்லாம் "இந்த ஒரு அத்தியாயம்" என்பாள். அவள் கேட்கும்போது நானும் அதையே சொன்னேன். இரண்டு பேருக்கும் கொஞ்சம் மனத்தாங்கல்கூட வந்தது.

மலையில் மழைக்காலத்து ஈரம் எதையும் விடாது. பசை போட்டு ஒட்டிய புத்தகம் நடுவில் வாய் பிளந்துவிட்டது. நான் பசை வாங்கி ஒட்டலாம் என்றேன். அவள் சமையலறைக்குப் போய், குச்சிக்கிழங்கு நறுக்கும் கத்தியை எடுத்து வந்து, முதுகை ஒரே இழுப்பில் அறுத்துவிட்டாள்.

"இது உங்களுக்கு. இது எனக்கு" என்றாள். முதல் பாதி எனக்கு, இரண்டாம் பாதி அவளுக்கு. ஒரு புத்தகத்தை அப்படி வெட்டிப் பார்த்தது எனக்கு ஒரு மாதிரிதான் இருந்தது. ஆனால் அன்று மாலை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எதிரெதிரே உட்கார்ந்து படித்தோம். எனக்கும் அன்றைக்கு அதிகம் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

பிறகு நாமக்கல்லில் அவளுக்கு மாதக் கூட்டம் வந்தது. அவ்வளவு தூரத்துக்கு ஸ்கூட்டர் எடுக்க மாட்டாள், பஸ்ஸில்தான் போவாள். தன் பாதியைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள். திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"புஸ்தகத்த பஸ்ல விட்டுட்டேங்க."

போகும்போது நடந்தது அது. வளைவுகளில் இறங்கும்போது பக்கத்து சீட்டில் கைக்குழந்தையோடு இருந்த ஒருத்தி வாந்தி எடுத்திருக்கிறாள். இவள் குழந்தையை வாங்கிக்கொள்வதற்காகப் புத்தகத்தை ஜன்னலோரம் வைத்திருக்கிறாள். நாமக்கல்லில் இறங்கும்போது குழந்தையும் பையும் அந்தப் பெண்ணும் நினைவில் இருந்தார்கள், புத்தகம் இல்லை.

"நானே இன்னும் முடிக்கலீங்க. ஒரு விரக்கட கனத்துக்குப் பக்கம் பாக்கி" என்று உட்கார்ந்துவிட்டாள்.

பதிப்பகத்துக்கு ஃபோன் செய்தேன். பிரதிகள் தீர்ந்துவிட்டன, மறுபதிப்பு புத்தகக் கண்காட்சிக்குத்தான் என்றார்கள். தெரிந்த கடைகளிலும் இல்லை. நான் இதற்குள் என் பாதியை முடித்திருந்தேன். அது ஒரு வாக்கியத்தின் நடுவில் அறுந்து நின்றது. லாரிக்காரன் வடக்கே முட்டை லோடு ஏற்றிப் போகிறான். வண்டி எங்கோ ஒரு சாலையோரத்தில் நிற்கிறது. லோடு இருக்கிறது, சாவி இருக்கிறது, ஆள் இல்லை. ஊரில் அவன் மனைவிக்கு இது எதுவும் தெரியாது. கடைசி வரி இப்படி இருந்தது: 'விடிந்ததும் அவள் கதவைத் திறந்தபோது வாசலில்'. அவ்வளவுதான்.

வாசலில் யார் என்று மனைவிக்குத் தெரியும். "சொல்லட்டுங்களா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஆனால் அந்த வாசல் என்னை விடவில்லை. வெங்காயம் நறுக்கும்போதும் துணி அலசும்போதும் அந்தக் கதவு திறந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் காலையில் அடுப்பை அணைத்துவிட்டுச் செம்மேட்டுக்குப் போனேன். பஸ் நிலையத்தில் அந்தத் தடத்தின் நடத்துநர் டீ குடித்துக்கொண்டிருந்தார். விசாரித்தேன்.

"டாக்டரம்மா புஸ்தகங்களா? கெடைச்சுதுங்க சார். முன்னட்ட இல்ல, பாதிதான் இருந்துச்சு. யாரோ கிழிச்சுப் போட்டதுன்னு நெனச்சேன். கீழ காரவள்ளியில பஜ்ஜிக் கடைக்கார அக்கா பேப்பர் இருந்தாக் குடுங்கன்னு எப்பவும் கேப்பாங்க. அவங்க கைல குடுத்துட்டேன்."

"பஜ்ஜிக்கா?"

"ஆமாங்க. எண்ணெய் ஒத்தறதுக்கு."

அடுத்த பஸ்ஸிலேயே ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் உடம்பு ஒரு பக்கம் சாய, மனசு அதற்கு முன்னாலேயே அடுத்த வளைவில் இருந்தது. எவனோ ஒருவன் மிளகாய் பஜ்ஜியைத் தின்றுவிட்டு அந்த வாசலைக் கசக்கிக் குப்பையில் போடுவது கண்ணுக்குள் தெரிந்தது. வண்டி மெதுவாகப் போகிறது என்று ஓட்டுநர் மீது கோபம் வந்தது. அந்தச் சாலையில் வேகமாக இறங்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

காரவள்ளியில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, மலைப் பாதை தொடங்கும் முனையில், ஒரு தள்ளுவண்டி நின்றது. நாற்பது வயதிருக்கும் பெண் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். வண்டியின் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே, உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில், எங்கள் இரண்டாம் பாதி இருந்தது. போனபோது இருந்ததைவிட மெலிந்திருந்தது.

"ஏனுங்க அம்மிணி, இந்தப் புஸ்தகம் எங்களுதுங்க" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், புத்தகத்தைப் பார்த்தாள். சட்டென்று கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "ஐயோ, குப்பைன்னு நெனச்சுட்டேனுங்க. கடைசியிலிருந்து கொஞ்சம் கிழிச்சுப்போட்டேன். அப்பத்தான் கிழிக்க வாட்டமா இருந்துச்சு."

கையில் வாங்கிப் பார்த்தேன். முன்பக்கம் முழுசாக இருந்தது. முதல் வரியைப் படித்தேன்: 'நின்றவர்களை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.' எனக்கு மூச்சு வந்தது. பின்பக்கம் திருப்பினேன். நாவலின் முடிவு இருக்க வேண்டிய இடத்தில் கிழிந்த ஓரங்கள் மட்டும் பசையில் ஒட்டிக்கொண்டிருந்தன.

"மீதிய ஏன் கிழிக்கல?" என்று கேட்டேன்.

"பஸ் வராத நேரத்துல சும்மாதான இருக்கறேன். கிழிக்கறதுக்கு எடுத்தா லாரின்னு போட்டிருந்துச்சு. எங்க ஊட்டுக்காரரும் லாரிதாங்க. சரி என்னதான் எழுதியிருக்காங்கன்னு மொதல்ல இருந்து பாத்தேன். மொதல்னா இதான் மொதல்னு நெனச்சேன். புஸ்தகமே 'நின்றவர்களை'ன்னு ஆரம்பிக்குதுங்க. எங்க நின்னாங்க, யாரு நின்னாங்க, ஒண்ணும் புரியல. போகப்போகப் புரிஞ்சுது. அந்த லாரிக்காரன் பொண்டாட்டி லாரி ஓட்டிப் பழகறா இல்லீங்களா, அங்கிருந்து நான் ஒரு தாளும் கிழிக்கல." கிழிந்த ஓரத்தை எட்டிப் பார்த்து, "நான் கிழிச்சதுல என்னுங்க இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"எனக்கும் தெரியாதுங்க. நான் இதப் படிக்கவே இல்ல."

"அப்பறம் எதைப் படிச்சீங்க?"

"மொதப் பாதியை."

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "அப்ப உங்களுக்குத் தெரியுமுங்களா? அந்த ஆளு ஏன் போனான்? இதுல அவ ஊர் ஊராத் தேடறா. எங்க போனாலும் ஏன் போனான்னு தெரியலையேன்னுதான் அழுவறா. கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரியவே மாட்டேங்குது."

எனக்குத் தெரியும். முதல் பாதி முழுக்க அதுதான் இருந்தது. சொல்லலாமா என்று யோசித்தேன். மனைவி என்னிடம் கேட்டது போல, "சொல்லட்டுங்களா?" என்று கேட்டேன். சொல்லுங்க என்றாள். அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து நின்றாள். சொன்னேன்: ஒரு பயணத்தில் அவன் ஸ்டியரிங்கில் கண் அசந்துவிடுகிறான். கிளீனராக வந்த பையன் செத்துப்போகிறான். டயர் வெடித்ததால் நடந்த விபத்து என்று எல்லோரும் நம்புகிறார்கள். பையனின் அம்மா அதே தெருவில், இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். தினமும் காலையில் அவனைப் பார்த்து, சாப்பிட்டியா சாமி என்று கேட்கிறாள். தன் பிள்ளையைக் கடைசி வரை மடியில் வைத்திருந்தவன் என்று அவனுக்கு மோர் கொண்டுவந்து கொடுக்கிறாள். அவனால் அந்த மோரைக் குடிக்க முடியவில்லை. அதனால்தான் போனான்.

ஒரு லாரி மலை ஏறுவதற்காக கியரை மாற்றிக்கொண்டு எங்களைக் கடந்து போனது.

"தூக்கம் வந்தா ஓரங்கட்டுங்கன்னு எங்க ஊட்டுக்காரருக்கு தெனமும் ஃபோன்ல சொல்லுவேனுங்க. சரி சரிம்பாரு" என்றாள். பிறகு, "பொண்டாட்டிகிட்ட சொல்லியிருக்கலாம் அந்த ஆளு" என்றாள்.

இரண்டாம் பாதியை நானே எடுத்துக்கொள்ளச் சொன்னாள். மிஞ்சியிருந்த கடைசிப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று நான் கேட்காமலே சொல்லிவிட்டாள். "அஸ்ஸாம் பக்கம் ஏதோ ஒரு ஊருங்க. மழை. ஒரு ஓட்டல்ல வண்டிய நிறுத்தறா. உள்ள ஒருத்தன் டீ ஆத்திக்கிட்டு இருக்கான். முதுகு மட்டும் தெரியுது. அதோட முடிஞ்சுதுங்க."

நான் முதல் பாதியை அனுப்பிவைப்பதாகச் சொல்லிவிட்டு மேலே வந்தேன். மறுநாள் நடத்துநரிடம் கொடுத்து அனுப்பினேன். "இது பஜ்ஜிக்கு இல்ல" என்று சொன்னேன். அவர் சிரித்தார்.

மனைவி அன்றே தன் மீதியைப் படித்துவிட்டு, டீ ஆற்றுகிறவனின் முதுகு தெரியும் அந்த இடத்தில் வந்து நின்றாள். நான் இரண்டு நாளில் அதே முதுகுக்கு வந்து சேர்ந்தேன். பின் பாதிதான் நாவலின் உயிர். லாரி ஓட்டப் பழகும் அந்தப் பெண்ணைப் படித்தபோது எனக்கு நடக்கக்கூடத் தோன்றவில்லை. கட்டில் ஓரத்தில் ஒரு காலைக் கீழே ஊன்றியபடியே படித்து முடித்தேன். முடித்ததும் மறுபடி அதே அவஸ்தை. வீட்டுக்குள் இரண்டு பேரும் அலைந்தோம். சாப்பிடும்போது அவள், "அவனாத்தான் இருக்கும்" என்பாள். பாத்திரம் கழுவும்போது நான், "அவனா இருந்தா கதை கெட்டுப்போகும்" என்பேன். எழுதியவருக்கு ஃபோன் செய்து கேளுங்கள் என்றாள். மாட்டேன் என்றேன். ஒரு நாவலாசிரியன் இன்னொரு நாவலாசிரியனைக் கூப்பிட்டு, முடிவு என்ன என்று கேட்பதா.

"நான் நாவலாசிரியர் இல்லீங்களே" என்று என் போனை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனாள். எங்கள் வீட்டருகே சிக்னல் கிடைப்பது அங்கே மட்டும்தான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி பேசினாள். கையை ஆட்டினாள். ஒருமுறை சிரித்தாள். திரும்பி வந்து சொன்னாள்: "கோவிச்சுக்குவார்னு பயந்தேன். எந்தப் பக்கத்திலிருந்து பஜ்ஜிக்குப் போச்சுன்னு கேட்டார். சொன்னேன். அப்புறம் முடிவைச் சொல்ல மாட்டேன், பக்கங்களைப் படம் பிடிச்சு அனுப்பறேன்னுட்டார்."

மாலையில் மறுபடி தொட்டிக்குப் போய் நின்றோம். படங்கள் வந்தன, ஒவ்வொன்றும் மங்கலாக, வட்டம் சுற்றிக்கொண்டு. முதல் படம் தெளிந்ததும் நான் குனிந்தேன். அவள் போனைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"பஜ்ஜிக் கடைக்காரம்மாவும் படிக்கணுமில்ல."

"அவங்களுக்கு அனுப்பிக்கலாம்."

"நம்பர் வாங்கினீங்களா?"

வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரை போன் அவளிடமே இருந்தது. எனக்கு வந்த அழைப்புகளுக்கெல்லாம் அவள்தான் பேசினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஸ்கூட்டரில் இறங்கினோம். வண்டியை அவள்தான் ஓட்டினாள். பஜ்ஜிக் கடைக்காரப் பெண் முதல் பாதியை முடித்து வைத்திருந்தாள். மனைவியைப் பார்த்ததும், "அந்த மோர்க்காரம்மாவ நெனச்சா எனக்குச் சோறு எறங்கலீங்க டாக்டரம்மா" என்றாள். அறிமுகமெல்லாம் தேவைப்படவில்லை. இருவரும் அந்தக் குடும்பத்தைப் பற்றி, பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றிப் பேசுவது போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வண்டிக்கும் சாலைக்கும் நடுவே நடந்தேன்.

"ஏனுங்க, வந்து படிங்க" என்றாள் மனைவி. கடைக்காரப் பெண்ணின் கையில் மாவு. மனைவி படிக்கிற கண்ணாடியை எடுத்து வரவில்லை. நான் போனை வாங்கி உரக்கப் படித்தேன். என் சொந்த எழுத்தை மேடையில் படித்திருக்கிறேன். அன்றைக்கு மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் படித்ததில்லை.

லாரிக்காரனின் மனைவி ஓட்டலுக்குள் போகிறாள். காக்கிச் சட்டை, தலையில் துண்டு, முழுக்க நனைந்திருக்கிறாள். பெஞ்சில் உட்கார்ந்து அந்த ஊர் பாஷையில் ஒரு டீ கேட்கிறாள். அவன் திரும்பாமலே டம்ளரைக் கழுவுகிறான். டீ ஊற்றுகிற விதத்தில், கையைத் தூக்குகிற உயரத்தில், அவளுக்கு அவன்தான் என்று தெரிகிறது. அவன் குனிந்தபடியே டம்ளரைக் கொண்டுவந்து வைக்கிறான். வண்டியின் சத்தத்தைக் கேட்டிருப்பான் போல. எந்த ஊர் வண்டி என்று கேட்கிறான். அவள் ஊர்ப் பெயரைத் தமிழில் சொல்கிறாள். அவன் கை டம்ளரை விடவில்லை. தலையையும் நிமிர்த்தவில்லை. டீயிலிருந்து ஆவி பறக்கிறது.

அடுத்த படத்தைத் தள்ளினேன். பதிப்பகத்தின் வேறு புத்தகங்களின் விளம்பரம்.

"அப்புறம்?" என்றார்கள் இருவரும்.

"அவ்வளவுதான்."

"இது என்னங்க முடிவு?" மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது. "அவ்வளவு தூரம் ஓட்டிக்கிட்டுப் போயிருக்கா. அவன் மூஞ்சிய ஒரு தடவ நிமித்திக் காட்டினாத்தான் என்ன? அவ அந்த டீயத் தொடாம எந்திரிச்சு வந்திருக்கணும்."

"சூடா ஊத்தி வெச்சுட்டானுங்களே" என்றாள் கடைக்காரப் பெண். "மழைல நனஞ்சு வந்திருக்கா. எப்படிங்க தொடாம வாரது?"

"அதுக்காக?"

"நான்னா குடிச்சுப்போட்டுத்தான் கேப்பேன்."

"என்ன கேப்பீங்க?"

அவள் வாணலியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "தெரியலீங்க. என்னத்தன்னு கேக்கறது." அதற்குள் நாமக்கல் பஸ் வந்து நின்றது. சனங்கள் இறங்கி வந்தார்கள். அவள் மிளகாயை மாவில் தோய்த்துப் போட ஆரம்பித்தாள். எண்ணெய் ஒத்தப் பழைய தினசரிகளை எடுத்தாள். கூட்டத்துக்கு நடுவில் அவள் போன் அடித்தது. மாவுக் கையோடு ஒரு விரலால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள். வண்டிச் சத்தத்தோடு ஓர் ஆண் குரல், சாப்பிட்டாச்சா என்று கேட்டது.

"ஓரமா நிறுத்திட்டுப் பேசுங்க. நிறுத்திட்டீங்களா? மொதல்ல நிறுத்துங்க" என்றாள். நாங்கள் தலையை மட்டும் அசைத்து விடைபெற்றோம். அவளும் தலையசைத்தாள். இரண்டு பாதிகளும் அவளிடமே இருக்கட்டும் என்று வைத்துவிட்டு வந்தோம்.

திரும்பி ஏறும்போதும் மனைவிதான் ஓட்டினாள். பின்னால் உட்கார்ந்திருந்த நான் அந்தக் கடைசிப் பக்கத்தை மனசுக்குள் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டு வந்தேன். அவன் நிமிர்வதாக. அவள் எழுவதாக. டம்ளர் விழுவதாக. எதை எழுதினாலும் அந்த ஆள் எழுதியதற்குக் கீழேதான் இருந்தது. அது பொறாமையா, சந்தோஷமா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. வண்டியில் உட்கார்ந்திருந்தும் கால்கள் நடந்துகொண்டிருந்தன.

மேலிருந்து ஒரு பஸ் இறங்கி வந்தது. வளைவில் அதற்கு வழிவிட அவள் ஸ்கூட்டரை ஓரம் கட்டி, காலை ஊன்றினாள். பஸ் போய்விட்டது. அவள் வண்டியைக் கிளப்பவில்லை.

"அவன் நிமிந்து பாத்திருப்பானுங்க" என்றாள்.

"எப்படிச் சொல்ற?"

"பாத்திருப்பான்."

"எழுதினவருக்கே தெரியாம இருக்கலாம்."

"அவருக்குத் தெரியாட்டி என்ன" என்று அவள் கியர் இல்லாத அந்த வண்டியை ஒரு லாரியைக் கிளப்புவது போல முறுக்கிக் கிளப்பினாள். அடுத்த வளைவு வந்தது. நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.